கூரையில்லாத வீட்டை அட்டையில போடவேண்டாம்

1983இல் நியூயோர்க் நகர நிர்வாகம் பிரொங்ஸ் பகுதியில் ஒரு வேலை செய்தது. எரிந்து, யன்னல் கதவெல்லாம் போய், ஆட்கள் இல்லாமல் நின்ற மாடிக் கட்டடங்களின் யன்னல் ஓட்டைகளில் பெரிய பெரிய ஸ்டிக்கர்களை ஒட்டியது. அந்த ஸ்டிக்கர்களில் திரைச்சீலை, பூச்சாடி, அரைவாசி இழுத்துவிட்ட பிளைண்ட்ஸ் எல்லாம் அச்சடித்திருந்தது. ஊரை ஊடறுத்துப் போகிற க்ரொஸ் பிரொங்ஸ் நெடுஞ்சாலையில் காரில் போகிறவர்களுக்கு, தூரத்தில் இருந்து பார்க்க, உள்ளுக்கு ஆட்கள் சீவிக்கிற மாதிரித் தெரியவேணும். நோக்கம் அவ்வளவுதான். எட் கொச் மேயராக இருந்த காலம். பக்கத்துக் கட்டடங்களில் உண்மையாகவே ஆட்கள் குடியிருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஸ்டிக்கர் இல்லை, குளிர்காலத்தில் வேலை செய்கிற ஹீற்றர்.

இந்தக் கதையை முதலில் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. எங்கட பட்ச்சில் நாங்கள் ஆறு பேர் ஒரு சஞ்சிகை கொண்டுவரலாம் என்று கொஞ்ச நாளாகக் கதைத்துக்கொண்டிருக்கிறோம். ஹிப்ஹொப், புகைப்படம், சமூகச் செயற்பாடு, மூன்றும் ஒன்றாக. ஐடியா நல்லதுதான், ஆனால் புதுசு இல்லை. "இப்பிடி ஒண்டு ஒருத்தரும் செய்யேல்லை மச்சான்" என்று கூட்டத்தில் ஒராள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்பது வருசத்துக்கு முதலே செய்திருக்கிறார்கள். செய்தவர்களுக்கு என்ன நடந்தது, அவர்களில் ஆர் நிலைத்தார்கள், ஆர் விலைபோனார்கள் என்று தெரியாமல் நாங்கள் லேஅவுட் பற்றி மட்டும் கதைத்துக்கொண்டிருந்தால், ஸ்டிக்கர் ஒட்டுற வேலைதான் செய்வோம்.

முதலில் பிரொங்ஸ். 1948க்குப் பிறகு அந்த நெடுஞ்சாலையை வெட்டின விதத்திலேயே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. பிறகு வேலை போனது, வங்கிகள் கடன் கொடுக்க மறுத்தன, தீயணைப்பு நிலையங்களை நகரம் மூடியது, காப்புறுதிக் காசுக்காகச் சொந்தக்காரரே கட்டடத்தைக் கொளுத்தின கதைகளும் நடந்தன. 1977 ஒக்ரோபரில் ஜனாதிபதி கார்ட்டர் சார்லட் வீதிக்கு வந்து இடிபாடுகளுக்கு நடுவில் நடந்தார். அந்தப் படம் உலகமெல்லாம் போனது. 1980இல் தேர்தலுக்கு நின்ற றேகனும் அதே இடத்துக்கு வந்தார், அவருக்கும் படம் எடுத்தார்கள். பிரொங்ஸ் என்றால் செங்கல் குவியல் என்று ஒரு முழுத் தலைமுறையின் தலைக்குள் ஏறினது இப்படித்தான்.

கமராவோடு வந்தவர்கள் எல்லாரும் கெட்ட நோக்கத்தோடு வந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் படங்களில் சனம் இல்லை, இருந்தாலும் குவியலுக்குப் பக்கத்தில் அளவுகோல் மாதிரி நின்றது, அதைத்தான் சொல்கிறேன்.

அதே காலத்தில், அதே தெருக்களில், வேற ஆட்கள் வேற படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தவர் ஜோ கொன்ஸோ. புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளிப் பெடியன், தெற்கு பிரொங்ஸில் வளர்ந்தவர். பள்ளிக்கூடத்தில் படிக்கிற வயதிலேயே கமராவைத் தூக்கிக்கொண்டு கோல்ட் க்ரஷ் பிரதர்ஸ் என்ற ராப் குழுவின் பின்னால் திரிந்தவர். அந்தப் பெடியள் அவருடைய சிநேகிதர்கள், பார்ட்டிக்குப் போனால் இவரும் கூடப் போவார். மேடையில் மைக்கைப் பிடித்தபடி வியர்த்துப்போய் நிற்கிற முகங்கள், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நெரிபடுகிற சனம், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்கிற பெட்டையள். ஹிப்ஹொப் இசைத்தட்டு வியாபாரமாகிறதுக்கு முந்தின, தொடக்க நாட்களின் முகம் எங்களுக்கு இன்றைக்குத் தெரியுது என்றால் இவர் ஒரு முக்கிய காரணம்.

ஆனால் கொன்ஸோவின் கமரா பார்ட்டியோட நின்றுவிடவில்லை. அவருடைய அம்மம்மா எவலீனா அன்டொனெட்டி 1965இல் யுனைற்றெட் பிரொங்ஸ் பேரென்ட்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கியவர். பிள்ளைகளுக்குத் தாய்மொழியிலும் படிப்பு வேணும், பள்ளிக்கூடச் சாப்பாடு ஒழுங்காக வேணும், பள்ளிக்கூடத்தை நடத்துவதில் பெற்றோருக்கும் குரல் வேணும் என்று நகர நிர்வாகத்தை உலுப்பினவ. பேரன் அந்த வீட்டில், அந்தக் கூட்டங்களுக்கு நடுவில் வளர்ந்தான். 1981இல் போல் நியூமன் நடித்த 'ஃபோர்ட் அப்பாச்சி, த பிரொங்ஸ்' என்ற பொலிஸ் படம் வந்தது. பிரொங்ஸ் சனத்தைக் காட்டுமிராண்டிகளாகக் காட்டுது என்று படப்பிடிப்பு நடக்கும்போதே ஊரார் எதிர்ப்புக் குழு அமைத்து வீதிக்கு இறங்கினார்கள். கடைசியில் படத்தின் தொடக்கத்தில், சட்டத்தை மதித்து வாழ்கிற பிரொங்ஸ் மக்களைப் பற்றியதல்ல இது என்ற மாதிரி ஒரு விளக்கம் போடவேண்டி வந்தது. அந்த ஆர்ப்பாட்டங்களையும் கொன்ஸோ படம் எடுத்திருக்கிறார்.

அவருக்குப் பார்ட்டிப் படம், போராட்டப் படம் என்று ரெண்டு பைல் இருந்திராது என்றுதான் நினைக்கிறேன். எங்கட கூட்டத்தில் "பக்கம் 1 முதல் 10 ஹிப்ஹொப், 11 முதல் 20 சமூகம்" என்று பிரித்ததைப் பார்த்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. பிரொங்ஸில் அந்தக் கோடு இல்லை. இரவில் பாடினவனின் தாய் பகலில் பதாகை பிடித்தாள், இரண்டு இடத்திலும் அதே கமரா நின்றது.

அச்சும் அப்படித்தான் வந்தது. 1973 ஓகஸ்ற் 11இல் செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கக் கட்டடத்தில் நடந்த பார்ட்டியைத்தான் ஹிப்ஹொப்பின் பிறந்தநாள் என்று சொல்வார்கள். பாட்டுப் போட்டது டிஜே கூல் ஹேர்க். பார்ட்டியை ஒழுங்குசெய்தது அவருடைய தங்கச்சி சிண்டி, பள்ளிக்கூடம் தொடங்கமுதல் உடுப்பு வாங்கக் காசு சேர்க்கத்தான். அழைப்பு சின்ன அட்டைகளில் கையால் எழுதினது: பெண்பிள்ளைகளுக்கு 25 சதம், பெடியளுக்கு 50 சதம். (தங்கச்சியின்ர பெயரை எல்லாரும் மறந்துபோறது வேற கட்டுரைக்குரிய விசயம்.) அதிலிருந்து பிளையர்கள் வளர்ந்தன. ஃபேஸ் 2, படி எஸ்குவயர் போன்றவர்கள் எழுத்தை வெட்டி, ஒட்டி, போட்டோக்கொப்பி அடித்து வீதியில் கொடுத்தார்கள். ஊரில் ஒரு பெரிய பத்திரிகையும் எழுதாத நிகழ்ச்சிகளுக்கு அந்தத் துண்டுக் கடதாசிதான் செய்தி. இன்றைக்கு கோர்னெல் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

இந்த ஃபேஸ் 2 பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். ரயில் பெட்டிகளில் உப்பிப்போன பலூன் மாதிரி எழுத்தை 1970களின் தொடக்கத்தில் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுகிறவர், பிரொங்ஸ்காரர். 1980களின் நடுவில் டேவிட் ஷ்மிட்லாப் என்ற கலைஞர் தொடங்கிய 'இன்டர்நாஷனல் கிராஃபிட்டி டைம்ஸ்' என்ற பத்திரிகையில் சேர்ந்து அதன் கலை இயக்குநரானார். இந்த வகையில் உலகத்தின் முதல் பத்திரிகை அதுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஃபேஸ் 2க்கு 'கிராஃபிட்டி' என்ற சொல்லே பிடிக்காது. அது பொலிஸும் பத்திரிகைக்காரரும் வைத்த பெயர், நாங்கள் செய்கிறது எழுத்து, நாங்கள் எழுத்தாளர்கள் என்பது அவருடைய நிலைப்பாடு. தான் வேலை செய்த பத்திரிகையின் பெயரோடேயே சண்டை பிடித்த மனிசன். எனக்கு அது பிடித்திருக்கு. ஒரு சஞ்சிகை செய்கிற முதல் அரசியல் வேலை, தன்னைப் பற்றி மற்றவன் வைத்த பெயரைத் திருப்பிக் கொடுக்கிறது.

படங்களுக்கு அந்தப் பத்திரிகையில் இன்னொரு அவசியமும் இருந்தது. ரயிலில் எழுதினதைக் கழுவிவிடுவார்கள். 1989 மே மாதத்தில், எழுத்துள்ள கடைசி ரயிலையும் எடுத்துவிட்டோம் என்று நியூயோர்க் போக்குவரத்து அதிகாரசபை அறிவித்தது. பல வருசக் கலையில் மிஞ்சினது புகைப்படங்கள் மட்டும்தான். அங்கே புகைப்படம் எழுத்துக்கு அலங்காரமாக வரவில்லை, எழுத்தே அதில்தான் இருக்கு.

இங்க ஒரு கேள்வி வரும்: அப்ப ஊர்க்காரர் மட்டும்தான் படம் எடுக்கலாமா? நான் அப்படி நினைக்கவில்லை. மார்த்தா கூப்பர் பிரொங்ஸ்காரி இல்லை. நியூயோர்க் போஸ்ட் பத்திரிகைப் புகைப்படக்காரி, வெள்ளைக்காரி. தெருவில் விளையாடுகிற பிள்ளைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது புறா வளர்த்த ஒரு சின்னப் பெடியன் தன்னுடைய கொப்பியைக் காட்டினான், அதில் அவன் சுவரில் எழுதப்போகிற பெயரின் வரைபு. அவன்தான் அவவை டொண்டி என்ற பெரிய எழுத்தாளரிடம் கூட்டிக்கொண்டு போனான். பிறகு ஹென்றி சால்ஃபன்டும் அவவும் சேர்ந்து 1984இல் 'சப்வே ஆர்ட்' புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். சால்ஃபன்டும் வெளியாள்தான். ஆனால் அவருடைய ஸ்டூடியோவுக்கு ரயிலில் எழுதுகிற பெடியள் வந்து, தாங்கள் எழுதினது எப்படி வந்திருக்கு என்று படங்களைப் பார்த்துவிட்டுப் போவார்கள். எடுத்த படம், எடுக்கப்பட்டவனுக்குத் திரும்பிப் போனது. பிறப்புச் சான்றிதழை விட எனக்கு இது பெரிசாப் படுது.

புரூக்ளினில் ஜமெல் ஷபாஸ் செய்ததும் இதுதான். அமெரிக்க இராணுவத்தில் ஜெர்மனியில் இருந்துவிட்டு 1980இல் ஊருக்குத் திரும்பி வந்து, தெருவில், ரயில் நிலையத்தில் நிற்கிற இளம் பெடியளை மறித்துக் கதைப்பார். என்ன செய்யப்போறாய், படிக்கிறியா என்று கேட்பார். பிறகுதான் கமரா. பல வருசம் றைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராகவும் வேலை செய்தவர். தெருவில் தான் படம் எடுத்த வயதுப் பெடியளையே அங்கே கம்பிக்கு உள்ளுக்கும் பார்த்திருப்பார். அவருடைய படங்களில் எல்லாரும் நேராகக் கமராவைப் பார்த்து, நல்லா உடுத்தி, தாங்களே தெரிவு செய்த விதத்தில் நிற்பார்கள். பின்னணியில் உடைந்த சுவர் இருக்கும். ஆனால் நீங்கள் சுவரைப் பார்க்கமாட்டீர்கள்.

இனி எங்கட அட்டைப்படத்துக்கு வாறன். வந்திருக்கிற யோசனை இது: கூரையில்லாத ஒரு வீடு, சுவரில் சன்னம் பட்ட ஓட்டைகள், அதற்கு மேல் கொம்பியூட்டரில் போட்ட ஸ்பிரே எழுத்தில் சஞ்சிகையின் பெயர். பார்க்க வடிவாத்தான் இருக்கு, அதுதான் பிரச்சினை. 2009க்குப் பிறகு ஏ9 வீதியால் பஸ் பஸ்ஸாக வந்தவர்கள் எங்கட இடிபாடுகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்தது எங்களுக்குத் தெரியும். கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியையே பார்வையிடுகிற இடமாக்கி வைத்திருந்தார்கள். அந்தப் படங்களிலும் சனம் இல்லை. இப்ப நாங்களே, எங்கட கையால, அதே படத்தை எடுத்து மேலே எழுத்தை மட்டும் மாற்றினால் அது என்ன எதிர்ப்பு?

"இடிபாட்டை மறைக்கச் சொல்லுறியா" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. மறைக்கிறதென்றால் பூச்சாடி ஸ்டிக்கர்தான். நான் கேட்கிறது, அந்த வீட்டில் இருந்தது ஆர், இப்ப எங்க இருக்கினம், அந்தக் காணிக்கு இப்ப என்ன வழக்கு என்று. வீட்டைப் போடுறதெண்டால் வீட்டுக்காரரும் வரட்டும். அவ அந்தப் படத்தைப் பார்த்து, போடலாம் எண்டு சொன்னாப் பிறகு போடுவம். அவ போடவேண்டாம் எண்டு சொன்னால் வேற படம்.

எம்.ஐ.ஏ.யை உதாரணத்துக்கு இழுத்தார்கள். அவவும் பாட்டுக்கு முதல் ஸ்டென்சில், படம், வீடியோ என்று சென்ட்ரல் சென்ட் மார்ட்டின்ஸில் படித்தவதான். அவவின் ஸ்டென்சில் உருவங்கள் பற்றி இங்கே எப்பவும் ரெண்டு கட்சி. என் கட்சி என்ன என்று கேட்டால்: 2018இல் வந்த ஆவணப்படத்தில், 2001இல் அவவே இங்கே வந்து தன் உறவினர்களைப் படம் பிடித்த துண்டுகள் இருக்கு. வீட்டுக்குள் இருந்து சனம் கதைக்குது, சிரிக்குது, பயப்படுது. அவவின் ஸ்டென்சில் முழுவதையும் விட அந்தச் சில நிமிசம் எனக்குக் கூடச் சொன்னது.

இதுவரைக்கும் சொன்னது படத்தைப் பற்றி. காசைப் பற்றியும் கதைக்கவேணும், ஏனென்றால் சஞ்சிகைகள் சாகிறது பெரும்பாலும் அதில்தான். 'த சோர்ஸ்' சஞ்சிகையின் கதை எங்களை மாதிரிப் பட்டதாரி மாணவர்களுக்கென்றே எழுதின மாதிரி இருக்கு. 1988இல் ஹார்வர்டில் படித்த டேவிட் மேஸ், ஜொனதன் ஷெக்டர் என்ற ரெண்டு மாணவர்கள், தங்கட வானொலி நிகழ்ச்சி கேட்கிறவர்களுக்காக ஒரு பக்கச் செய்திமடலாகத் தொடங்கினது. ரெண்டு வருசத்தில் நியூயோர்க்குக்குப் போய்விட்டார்கள். இசைத்தட்டுக்கு ஐந்து மைக் வரைக்கும் புள்ளி போடுவார்கள், நாஸின் 'இல்மற்றிக்' 1994இல் ஐந்தும் வாங்கியது. ஒப்பந்தம் இல்லாத புதுப் பாடகர்களுக்கென்று ஒரு பத்தி இருந்தது, நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யை 1992இல் அந்தப் பத்திதான் வெளியில் காட்டியது. பொலிஸ் அடாவடி, சிறை, போதைப்பொருள், தேர்தல் எல்லாம் பாட்டுக்குப் பக்கத்திலேயே எழுதினார்கள்.

பிறகு 1994. மேஸ், சஞ்சிகையின் வெளியீட்டாளர், தான் முகாமைசெய்த ஓல்மைற்றி ஆர்.எஸ்.ஓ. என்ற குழுவைப் பற்றி ஒரு கட்டுரையை ஆசிரியர் குழுவுக்குத் தெரியாமல் இதழுக்குள் செருகினார். அச்சாகி வந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரியும். ஆசிரியர்கள் பலர் ஒரேயடியாக வெளியேறினார்கள். சஞ்சிகையின் தொடக்க காலத்திலேயே சேர்ந்த ஜேம்ஸ் பேர்னார்ட்டும் அதில் ஒராள். ஷெக்டரும் போனார்.

அதோட 'த சோர்ஸ்' படுத்துவிட்டது என்று நினைக்காதேங்கோ. விற்பனை ஏறினது. 1990களின் கடைசியில் கடைவிற்பனையில் ரோலிங் ஸ்டோனையே முந்தினது. இதைத்தான் எங்கட ஆக்கள் கவனிக்கவேணும் என்று நினைக்கிறேன். சுயாதீனம் போனால் சஞ்சிகை உடனே சாகும் என்பது நாங்கள் எங்களுக்குச் சொல்லிக்கொள்கிற ஆறுதல். அது கொழுத்து, பளபளப்பாகி, இன்னும் பத்து வருசம் ஓடும். வாசிக்கிறவனுக்குத்தான், இந்த ஐந்து மைக் பாட்டுக்கா, விளம்பரத்துக்கா, முதலாளியின் கூட்டாளிக்கா என்று தெரியாமல் போகும். 2000களில் அந்தச் சஞ்சிகையின் புள்ளிகளைப் பற்றி ஆட்கள் பகிடி விடுகிற நிலை வந்தது.

கொன்ஸோவின் நெகட்டிவ்கள் மற்றப் பக்கத்துக் கதை. அவற்றால் அந்தக் காலத்தில் ஒரு சதம் வரவில்லை. கனகாலம் வீட்டில் கிடந்து, 2007இல்தான் 'போர்ன் இன் த பிரொங்ஸ்' என்று புத்தகமாக வந்தது. அவர் தீயணைப்புத் திணைக்கள அம்புலன்சில் வேலை செய்து சீவித்தார். 2013இல் அவரும், அதே தெற்கு பிரொங்ஸில் வளர்ந்த இன்னும் ஐந்து புவேர்ட்டோ ரிக்கோப் புகைப்படக்காரரும் 'செய்ஸ் டெல் சூர்', தெற்கின் ஆறு பேர், என்ற பெயரில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். வைத்த இடம் மன்ஹாட்டன் கலரி இல்லை, பிரொங்ஸிலேயே ஒரு ஆவண நிலையம். முப்பது வருசத்துக்கு முதல் எடுத்த படங்களை, படத்தில் இருக்கிற ஊருக்கே கொண்டுபோய் மாட்டினார்கள்.

எங்களுக்கு முப்பது வருசம் காத்திருக்கப் பொறுமை இல்லை, விளங்குது. நான் கேட்கிறது சின்னச் சின்ன விசயங்கள். ஏ3 தாளில் ரெண்டு பக்கமும் அச்சடித்து மடித்தால் முதல் இதழுக்குப் போதும், பளபளா அட்டை வேண்டாம். படத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி இலவசமாகப் போகவேணும், அந்தச் செலவை முதலே கணக்கில் போடவேணும். ஊரில் ராப் பாடுகிற பெடியளைப் பற்றி எழுதினால், எழுதுகிறவர் அவர்களின் ஷோவை ஒழுங்குசெய்கிறவராக இருக்கக்கூடாது. (எங்கட ஆறு பேரில் ரெண்டு பேர் இப்பவே அதுதான் செய்யினம். பெயர் சொல்லேல்லை, ஆனால் வாசிக்கேக்க விளங்கும்.) ஒரு நிறுவனம் பின்னட்டை விளம்பரத்துக்கு முழு அச்சுச் செலவும் தாறதெண்டு சொல்லியிருக்கு. உள்ளடக்கத்தை "ஒருக்கால் பார்த்திட்டு" திருப்பித் தருவினமாம். அதுக்கு நாலு பேர் ஓம் சொல்லியாச்சு. நான் இன்னும் சொல்லேல்லை.